மூன்றாம் வாய்க்கால் முறை

வவுனியா
04.09.1961

காரியதரிசி,
மாதர் சங்கம், மூன்றாம் வாய்க்கால்,
உடையார்கட்டுக் குடியேற்றம்.

அம்மணி,

உங்கள் வாய்க்காலில் ஏழாம் இலக்கக் காணியில் மூன்று பிள்ளைகள் பெற்றோர் துணையின்றி இருப்பதாக இந்தக் கந்தோருக்கு ஒரு முறைப்பாட்டுப் பெட்டிசம் வந்திருக்கிறது. கையொப்பம் இல்லை. தகப்பன் கனகலிங்கம் சென்ற வருடம் பாம்பு கடித்து இறந்தார் என்றும், தாய் அன்னபாக்கியம் வைகாசி மாதம் முதல் காசநோய் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றும் அதில் எழுதப்பட்டிருக்கிறது.

பதினெட்டாம் திகதி ஜீப் வண்டியுடன் வருவேன். பெண்பிள்ளைகள் இருவருக்கும் ஒரு விடுதியிலும், பையனுக்கு வேறொரு விடுதியிலும் இடம் ஒழுங்கு செய்யப்பட்டுள்ளது. பிள்ளை ஒன்றுக்கு இரண்டு மாற்றுடுப்பு ஆயத்தமாக வைத்திருக்கச் செய்யவும்.

இப்படிக்கு,
க. யோகலிங்கம்
சிறுவர் பராமரிப்பு உத்தியோகத்தர்


உடையார்கட்டு
09.09.1961

ஐயா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உடுப்பு ஆயத்தமாக வைக்கவில்லை.

பெட்டிசத்தில் இருப்பது பொய் என்று சொல்லமாட்டேன். பாதி உண்மை. மற்றப் பாதியை நான் எழுதுகிறேன்.

அன்னபாக்கியத்தை வண்டியில் ஏற்றிய அன்று நாங்கள், இந்த வாய்க்கால் பெண்கள் பதினொரு பேர், அந்த முற்றத்தில் நின்றோம். எங்களுக்குள் சண்டை வந்தது. மூத்தவள் கமலாசனிக்குப் பதினொரு வயது. வேலை செய்யக்கூடியவள். அவளைக் கேட்டு நாலு பேர். அப்புத்துரைக்கு எட்டு வயது. மாடு சாய்க்கத் தெரியும். அவனைக் கேட்டு இரண்டு பேர். சின்னவள் விமலாவுக்கு இரண்டரை வயது, அன்றைக்கு இருமிக்கொண்டிருந்தாள். அவளை ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. என் வீட்டிலும் நாலு பிள்ளைகள், பயம்.

எங்கள் வாய்க்காலில் தண்ணீர் பங்கிடுகிற விதானை வீரகத்தியர் வேலிக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் அதிகம் கதையாத மனிதர். அன்றைக்குக் கதைத்தார்.

"ஏன் பிள்ளையளைப் பங்கு போடுறியள்? உங்களைப் பங்கு போடுங்கோவன்."

அன்று தொடக்கம் அப்படித்தான் நடக்கிறது. வாய்க்கால் முறைப்படி நாளுக்கு இரண்டு காணிக்குத் தண்ணீர். நேற்று எவருடைய வயலுக்குத் தண்ணீர் பாய்ந்து முடிந்ததோ, அந்த வீட்டுப் பெண்ணுக்கு இன்று கை ஆறுதல். இருவரில் ஒருவர் காலையில் ஏழாம் காணிக்குப் போவார்; மற்றவர் அவருடைய வீட்டையும் பார்த்துக்கொள்வார். போனவர் மறுநாள் காலை அடுத்த முறைக்காரர் வரும்வரை அங்கேதான். பிள்ளைகள் தங்கள் வீட்டில் தங்கள் பாயில் படுக்கிறார்கள். அலைகிறது நாங்கள்தான்.

புதன்கிழமை மதகு பூட்டு. அதனால் வியாழக்கிழமை முறை இல்லாமல் கிடந்தது. முல்லைத்தீவிலிருந்து இங்கே மீன் கொண்டுவந்து விற்கும் யூலிற்றா அந்த நாளைத் தனக்கு எடுத்துக்கொண்டார். "உனக்குத்தான் காணியும் இல்லை, தண்ணி முறையும் இல்லையே" என்று கேட்டோம். "உங்களுக்கு வாய்க்கால். எனக்குக் கடல் முழுக்கக் கிடக்கு. அதுக்கு ஆர் மதகு பூட்டுறது?" என்றார்.

இனி ஒரு விஷயம், ஐயா. பிள்ளைகளை நீங்கள் கொண்டுபோனால் அந்த வீட்டில் விளக்கு எரியாது. ஆள் இல்லாத காணிக்கு அரசாங்கம் தந்த பெர்மிற்றை இரத்துச் செய்து வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். நாலாம் வாய்க்காலில் போன வருடம் அப்படி நடந்தது. அன்னபாக்கியம் சுகப்பட்டு வந்தால் எங்கே வருவது? பெண்பிள்ளைகள் ஒரு ஊரில், பையன் ஒரு ஊரில், காணி ஆரிடமோ.

வாருங்கள், வந்து பாருங்கள். ஜீப் மட்டும் வேண்டாம். தாயை ஏற்றிக்கொண்டு போனதும் அப்படி ஒரு வண்டிதான். அந்தச் சத்தம் கேட்டால் சின்னவள் நெல் மூட்டைக்குப் பின்னால் போய்விடுவாள்.

இப்படிக்கு,
சி. இராசமலர்
காரியதரிசி, மாதர் சங்கம்


வவுனியா
24.09.1961

இராசமலர் அக்கா அவர்களுக்கு,

அக்கா என்று எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிட்டேன்.

பஸ்ஸில்தான் வந்தேன், பஸ்ஸில்தான் திரும்பினேன். ஒட்டுசுட்டானில் சில்லுக் காற்றுப் போய் இரண்டு மணித்தியாலம் நின்றது. வீதியோரம் ஒரு கல்லில் இருந்தேன். நல்லதாய்ப் போயிற்று. யோசிக்க இருந்தது.

பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் சமூகம் என்ற சொல்லை எழுதினேன். பரீட்சைத் தாள்களில் எத்தனை தரம். அதற்கு என்ன முகம், அது காலையில் எத்தனை மணிக்கு எழும்பும் என்று எவரும் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஆறரை மணிக்கு எழும்புகிறது. முதல் நாளே வந்து பள்ளிக்கூடத்தில் தங்கியதால் பார்த்தேன். கையில் பழஞ்சோற்றுப் பானையுடன் ஒருவர் வருகிறார். இரவு தங்கியவர் அதுவரை வெளிக்கிடவில்லை. வேலிப் படலையடியில் இரண்டு நிமிடம் கதை. "சின்னவள் இரவு இருமேல்லை. துரைக்குப் பிரித்தல் கணக்கு வருகுதில்லை. மூத்தவளுக்குத் தலையில ஈர்." அவ்வளவுதான். ஒருவர் போகிறார், ஒருவர் வருகிறார். எங்கள் கந்தோரில் இதற்கு மூன்று படிவங்கள் தேவைப்படும்.

விமலா உங்கள் எவருடைய பெயரையும் சொல்லவில்லை. திங்கள் மாமி. செவ்வாய் மாமி. உங்களை வெள்ளி மாமி என்றாள். கிழமை நாட்களை அவள் இப்படிப் படித்திருக்கிறாள். எனக்கு அவளோடு இருந்த அந்த ஒரு மணித்தியாலம் என்னவோ செய்தது. எழுத வரவில்லை.

விடுதிப் பத்திரங்களைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அவற்றுக்குப் பதிலாக ஓர் அறிக்கை எழுதினேன். ஒன்பது பக்கம். நான் மனதார எழுதிய முதல் அறிக்கை. மேலிடத்துக்குப் போகிறது. வழக்கப்படி மற்றக் கந்தோர்களுக்கும் பிரதி. எல்லோரும் படிக்கட்டும்.

அன்புடன்,
க. யோகலிங்கம்


உடையார்கட்டு
30.10.1961

யோகலிங்கம் தம்பிக்கு,

நீங்கள் அக்கா என்றால் நான் தம்பி என்கிறேன். உத்தியோகத்தருக்கு இது மரியாதைக் குறைவு என்றால் அடுத்த கடிதத்தில் சொல்லுங்கள்.

மழை இறங்கிவிட்டது. மழையோடு தொடங்கும் காலபோக விதைப்பு முடிந்தது. ஏழாம் காணியை எங்கள் வீட்டுக்காரரும் இன்னும் நாலு பேரும் சேர்ந்து விதைத்தார்கள். மழைக்காலத்தில் தண்ணீர் முறை கிடையாது. ஆனால் வீரகத்தியர் மதகடியில் கரிக்கட்டியால் எழுதிய பெயர்களை அழிக்கவில்லை. அந்தப்படியே போய் வருகிறோம்.

அன்னபாக்கியம் கடிதம் போட்டிருக்கிறார். ஊசி தொடர்ந்து போடுகிறார்களாம். நிறை இரண்டு இறாத்தல் கூடியிருக்கிறாராம். பிள்ளைகளைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. கேட்டால் அழுகை வரும் என்று கேட்காமல் விட்டிருக்கிறார் போல. கமலாசனி அந்தக் கடிதத்தைக் கணக்குக் கொப்பிக்குள் வைத்திருக்கிறாள். சின்னவளை முல்லைத்தீவுக்குக் கொண்டுபோய் நெஞ்சுப் படம் எடுத்துப் பார்த்தோம். ஒன்றும் இல்லை. அன்றைக்கு நாங்கள் பயந்தது வெறும் சளித் தடிமன்.

உங்களைப் பற்றி இங்கே கதை அடங்கவில்லை. நீளக்காற்சட்டையோடு சப்பாணி கட்டி இருந்து சாப்பிட்டுவிட்டு எழும்ப முடியாமல் தூணைப் பிடித்தீர்களாம். யூலிற்றா கேட்கச் சொன்னார்: "அந்தத் தம்பிக்குக் கலியாணம் முடிஞ்சுதோ? முடியாட்டிச் சொல்லுங்கோ, எங்கட பக்கம் ஒரு பிள்ளை இருக்கு. ஆனா கத்தோலிக்க வேதத்துக்கு வரவேணும்." பதில் எழுதாவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார். கவனம்.

அன்புடன்,
இராசமலர்


உடையார்கட்டு
19.01.1962

யோகலிங்கம் தம்பிக்கு,

ஓர் அவசரம். நேற்று ஏழாம் காணி வீட்டுக் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் இருக்கிறது. பள்ளிக்கூட வாத்தியார் யாழ்ப்பாணம் போய்விட்டார். வீரகத்தியர் வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "முத்திரை குத்திக் கிடக்கு. நல்லதாயிராது" என்றார்.

கிழியாமல் உரித்து இத்துடன் வைக்கிறேன். என்ன எழுதியிருக்கிறது என்று உடனே எழுதுங்கள். கமலாசனி இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

இராசமலர்


வவுனியா
02.02.1962

அக்கா,

உடனே எழுதச் சொன்னீர்கள். பத்து நாள் எடுத்துவிட்டேன். நோட்டீஸ் விளங்காமல் இல்லை. விளங்கியதால்.

முதலில் அது சொல்வது: காணியின் பெர்மிற் வைத்திருப்பவர் காணியில் வதியவில்லை. காணியைப் பிற ஆட்கள் பயிர்செய்கிறார்கள். இரண்டும் சட்டத்துக்கு மாறு. பெர்மிற்றை ஏன் இரத்துச் செய்யக் கூடாது என்று, மார்ச் ஆறாம் திகதி உங்கள் கூட்டுறவுச் சங்கக் கடைக் கட்டடத்தில் நடக்கும் விசாரணையில் காரணம் காட்ட வேண்டும்.

இனி நான் சொல்ல வேண்டியது. நோட்டீஸின் கீழ்ப்பாதியில், ஆதாரம் என்று, மூன்று வசனம் இருக்கிறது. தமிழில் இப்படி வரும்:

"தாய் இங்கே இல்லை. ஆயினும் பதினொரு பெண்கள் மாறி மாறி அந்த வீட்டை நடத்துகிறார்கள். அவர்களின் கணவர்மார் அந்தக் காணியை உழுது விதைத்து அறுக்கிறார்கள்."

அந்த வசனங்கள் என்னுடையவை. அறிக்கையின் நாலாம் பக்கம். எழுதியபோது கண் கலங்கியது ஞாபகம் இருக்கிறது. பிரதி காணிக் கந்தோருக்கும் போயிருக்கிறது. அங்கே ஒருவர் அதே வசனங்களைக் கண் கலங்காமல் படித்திருக்கிறார். அவர் மேல் குற்றம் சொல்ல முடியவில்லை. இருப்பதைத்தான் படித்தார்.

மன்னிப்பு என்ற சொல்லை மூன்று தரம் எழுதி வெட்டினேன். சிறிதாக இருக்கிறது.

யோகலிங்கம்


உடையார்கட்டு
08.02.1962

உத்தியோகத்தர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் பெண்கள் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். யூலிற்றா மீன்கூடையைத் தூக்கிக்கொண்டு எழும்பிப் போனார்.

காணி போனால் வீடு போகும். வீடு போனால் பிள்ளைகள் விடுதிக்குத்தான். ஒன்பது மாதம் எதற்காக நடந்தோமோ அது முடிந்தது.

எங்களை நீங்கள் புகழாமல் இருந்திருந்தால் போதும்.

சி. இராசமலர்


வவுனியா
13.02.1962

அக்கா அவர்களுக்கு,

இனி எழுத வேண்டாம் என்று நீங்கள் எழுதவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

மார்ச் ஆறாம் திகதி வருகிறேன். லீவு கேட்டேன், மறுத்துவிட்டார்கள். ஆனாலும் வருவேன். நான் ஒரு நாள்தான் அங்கே நின்றேன், மிகைப்படுத்தி எழுதினேன், அந்தப் பெண்கள் எப்போதாவது எட்டிப் பார்ப்பவர்கள்தான் என்று சொல்வேன். உத்தியோகம் போனால் போகட்டும்.

இதை எழுதும்போதே ஒன்று தெரிகிறது. உங்களைக் காப்பாற்ற நான் சொல்லக்கூடியது, நீங்கள் ஒன்றும் செய்யவில்லை என்ற பொய் ஒன்றுதான். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

யோகலிங்கம்


உடையார்கட்டு
20.02.1962

தம்பி,

நீங்கள் வர வேண்டாம். பொய் சொல்ல வேண்டாம். உத்தியோகத்தை விட வேண்டாம். உங்கள் அம்மா வீட்டில் இருந்து கேட்பார், என்ன சொல்வீர்கள்?

போன கடிதத்தில் கோபமாக எழுதினேன். எழுதியது நியாயம்தான். ஆனால் அதை எழுத எனக்கு நியாயம் இல்லை. இதை என் வீட்டுக்காரருக்குக்கூடச் சொல்லவில்லை.

அந்தப் பெட்டிசம் எழுதியது நான்.

ஆவணி மாதம். எங்கள் மூன்றாவது பிள்ளைக்கு நெருப்புக் காய்ச்சல். அதே கிழமை சின்னவள் விமலாவுக்கும் காய்ச்சல். வெள்ளிக்கிழமை என் முறை. என் பிள்ளையை விட்டுவிட்டு அந்தப் பிள்ளைக்கு விடிய விடிய ஈரத்துணி போட்டேன். காலையில் வீட்டுக்கு வந்தால் வீட்டுக்காரர், "நீ ஆரின்ர பிள்ளையளுக்குத் தாய்?" என்று கேட்டார். நல்ல மனிதர். பயத்தில் கேட்டார். கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து உங்கள் கந்தோருக்கு எழுதினேன். அரசாங்கம் வந்து எடுத்துக்கொண்டு போகட்டும், நான் முறையில் இருந்து விலகினேன் என்ற பெயர் வராமல் முடியட்டும் என்று.

உங்கள் கடிதம் வந்தபோது, "பெண்பிள்ளைகள் ஒரு விடுதி, பையன் வேறொரு விடுதி" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். நான் அப்படி யோசித்திருக்கவில்லை.

அன்னபாக்கியத்துக்கு இது தெரியக் கூடாது.

இராசமலர்


வவுனியா
25.02.1962

அக்கா,

தெரியும்.

முதல் கடிதத்திலிருந்தே. பெட்டிசம் என் மேசையில் கிடந்தது. உங்கள் பதில் வந்தது. பக்கத்தில் வைத்தேன். ஒரே கை, ஒரே நீலக் கோடிட்ட கொப்பித் தாள்.

ஜீப் வேண்டாம் என்று நீங்கள் எழுதியதால் மட்டும் நான் பஸ்ஸில் வரவில்லை. பிள்ளைகளைக் கொண்டுபோகச் சொல்லி ஒரு கிழமையும், கொண்டுபோகாதே என்று இன்னொரு கிழமையும் எழுதிய ஒருவரைப் பார்க்க வேண்டும்போல இருந்தது. வந்தேன். வெள்ளிக்கிழமை இல்லை, ஆனாலும் நீங்கள் அந்த வீட்டில் நின்றீர்கள். வேறு யாருக்கோ வயிற்றுவலி, அவருக்குப் பதிலாக இரவு தங்கியிருந்தீர்கள்.

எழுதிய பிறகும் நீங்கள் ஒரு வெள்ளிக்கிழமையைக்கூட விடவில்லை என்று துரை சொன்னான். நான் கேட்டேன். அறிக்கையில் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டியது அது ஒன்றுதான்.

பெட்டிசத்தை நேற்று எடுத்துக் கிழித்தேன். கோப்பிலிருந்து ஒரு தாளைக் கிழிப்பது குற்றம். முதல் குற்றம். நிம்மதியாக இருக்கிறது.

ஆறாம் திகதி நான் வரவில்லை. உண்மையைச் சொல்லுங்கள். அதை எப்படிச் சொல்வது என்று உங்களுக்கு என்னைவிடத் தெரியும்.

யோகலிங்கம்


உடையார்கட்டு
09.03.1962

யோகலிங்கம் தம்பிக்கு,

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். இரண்டு இரவு நித்திரை இல்லை, இன்றைக்குத்தான் கை எழுதவருகிறது.

சங்கக் கடையில் சீனி மூட்டைகளை ஒதுக்கிவிட்டு ஒரு மேசை, ஒரு கதிரை. விசாரிக்க வந்த காணி ஐயா கண்ணாடி போட்டவர், களைத்த முகம். அன்றைக்கு இது அவருக்கு ஐந்தாவது விசாரணையாம். எங்கள் வாய்க்காலே வந்து வெளியில் நின்றது. முதலில் என்னைக் கூப்பிட்டார்.

"ஏழாம் காணியில இருக்கிறது ஆர்?"

"கனகலிங்கத்தின்ர குடும்பம், ஐயா."

"கனகலிங்கம் மோசம் போயிட்டார். பெண்சாதி ஆஸ்பத்திரியில. அப்ப நீங்கள்தானே இருக்கிறியள்?"

"நான் இருக்கிறது அஞ்சாம் காணியில."

"நீங்கள் அந்த வீட்டை நடத்துறியளெண்டு இஞ்ச எழுதிக் கிடக்கு."

"நான் என்ர வீட்டையே நடத்துறேல்லை, ஐயா. அது எங்கட மனுசனும் பிள்ளையளும் நடத்தீனம்."

வெளியே சிரிப்பு. என் வீட்டுக்காரர் நிலத்தைப் பார்த்தார். காணி ஐயா சிரிக்கவில்லை.

"சமைக்கிறது ஆர்?"

"முறைக்கு வாற ஆள்."

"ஆரின்ர அரிசி?"

"அவையின்ர அரிசி."

"ஆர் அளந்து தாறது?"

"கமலாசனி."

"ஆர் அந்தக் கமலாசனி? கனகலிங்கத்தின்ர தாயோ?"

"மகள், ஐயா. இப்ப பன்னிரண்டு நடக்குது."

அவர் பேனையை வைத்துவிட்டுப் பிள்ளையைக் கூப்பிடச் சொன்னார். பள்ளிக்கூடச் சட்டையோடு வந்து நின்றாள். இடுப்பில் கயிற்றில் வீட்டுப் பூட்டின் திறப்பு. அன்னபாக்கியம் வண்டியில் ஏறும்போது அந்தத் திறப்பை அவள் கையில்தான் கொடுத்தார். இத்தனை பெரிய மனுசிகள் சுற்றி நிற்க, எங்களில் ஒருவரிடமும் கொடுக்கவில்லை. அன்றைக்கு எங்களுக்குக் கொஞ்சம் மனம் நொந்தது. பிறகு விளங்கியது. அதற்குப் பிறகு நாங்கள் அவளைக் கேளாமல் அந்த வீட்டில் ஒரு சட்டி எடுத்ததில்லை. இதை ஒருவரும் சட்டமாகப் போடவில்லை. அப்படியே பழகிவிட்டது.

"பிள்ளை, இந்த மாமிமார் உங்கட வீட்டை வந்தால் முதல் என்ன செய்வினம்?"

"படலையில நிண்டு கேப்பினம்."

"என்ன கேப்பினம்?"

"வரட்டோ எண்டு."

"நீ வேண்டாமெண்டால்?"

பிள்ளை யோசித்தாள்.

"ஒருநாள் சொன்னனான். துரைக்கு அடிச்சதுக்கு. அண்டைக்கு அந்த மாமி படலைக்கு வெளியாலதான் நிண்டவா."

"எவ்வளவு நேரம்?"

"மத்தியானம் மட்டும். பிறகு நான் கூப்பிட்டனான். எங்களுக்குப் பசிச்சது."

எல்லோரும் சிரித்தார்கள். காணி ஐயாவும். அந்த மாமி நான்தான், தம்பி. வெயில் என்றால் வெயில்.

"விளைஞ்ச நெல்லு எங்க?"

"அறைக்குள்ள. அம்மா வந்துதான் விக்கிறது."

"வயலுக்கு இறங்கினவையும் உன்னைக் கேட்டுத்தானோ இறங்கினவை?"

"ஓம். வீரகத்தி அப்பு மட்டும் ஒருத்தரையும் கேளார். ஆனா எங்கட வயலுக்குத் தண்ணி திறக்கேக்க வந்து சொல்லிப்போட்டுத்தான் திறப்பார்."

காணி ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு எழுதினார். எழுதியதைத் தமிழில் வாசித்தும் காட்டினார். குடும்பத் தலைவி சிகிச்சைக்காகத் தற்காலிகமாக வெளியே இருக்கிறார். குடும்பம் காணியில் வதிகிறது. அயலவர் குடும்பத்தின் அனுமதியுடன் உதவுகிறார்கள்.

ஆனால் ஒரு நிபந்தனை. வரும் காலபோக விதைப்புக்கு முன் அன்னபாக்கியம் வந்து சேர வேண்டும். வராவிட்டால் பெர்மிற் இரத்து.

அன்று மாலையே ஆஸ்பத்திரிக்குக் கடிதம் போட்டோம். காணியைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. நெல் நன்றாக விளைந்திருக்கிறது, முட்டை சாப்பிடு என்று மட்டும் எழுதினோம்.

யூலிற்றா உங்களோடு இன்னும் கோபம். இருந்தாலும் கருவாடு தந்தனுப்பச் சொன்னார். தபாலில் அனுப்ப முடியாது என்றேன்.

அன்புடன்,
இராசமலர்


வவுனியா
15.03.1962

அக்கா,

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

நானும் அதைக் கேட்டேன். அன்று காலை, பானையோடு வந்தவர் படலையில் நின்று, "பிள்ளை, வரட்டோ?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. பிறகு, "இண்டைக்கு என்ன கறி, கமலாசனி?" என்றார். தாயில்லாத பிள்ளையைக் குஷிப்படுத்துகிறார்கள் என்று நினைத்தேன். விளையாட்டு என்று விட்டுவிட்டேன். ஒன்பது பக்கம் எழுதிய எனக்கு அதற்கு ஒரு வரி கிடைக்கவில்லை.

உதவுகிறவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரியைப் பார்க்கவில்லை. நீங்கள் பதினொரு பேரும் ஒருவர் விடாமல் அவளைப் பார்த்திருக்கிறீர்கள்.

நான் படலையில் நின்று கேட்கவில்லை என்பதும் இப்போதுதான் ஞாபகம் வருகிறது. நேரே உள்ளே வந்தேன். கோப்போடு. அவள் ஒன்றும் சொல்லாமல் எனக்கும் சேர்த்து அரிசி அளந்தாள்.

இந்தக் கிழமை நெடுங்கேணிப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். தகப்பன் சிறையில், நாலு பிள்ளைகள். வேலிக்கு வெளியே நின்று வரலாமா என்று கேட்டேன். உள்ளேயிருந்து ஒரு பையன், "பொறுங்கோ" என்றான். பொறுத்தேன். கால் மணித்தியாலம். உள்ளே கூட்டிப் பெருக்கும் சத்தம் கேட்டது.

அறிக்கை அரைப் பக்கம்தான் வந்தது.

அன்புடன்,
யோகலிங்கம்


உடையார்கட்டு
09.08.1962

யோகலிங்கம் தம்பிக்கு,

அன்னபாக்கியம் வந்துவிட்டார். யூலை மாதம் இருபத்திமூன்றாம் திகதி. யூலிற்றா போய்ப் பரந்தன் சந்தியில் நின்று கூட்டிவந்தார். முகம் உடைந்து போயிருக்கிறது, ஆனால் நடக்கிறார். மாத்திரை இன்னும் ஒரு வருடம். காணிக் கந்தோருக்குப் போய்க் கையெழுத்து வைத்தாயிற்று. பெர்மிற் அவர் பெயரிலேயே இருக்கிறது. இதை முதலில் எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

மற்றதையும் எழுதுகிறேன், உங்களுக்குத்தான் எழுதலாம்.

கமலாசனி திறப்பைத் தாயிடம் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போய்த் தனியே நின்று அழுதாள். துரை தாயின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரிந்தான். சின்னவள் தாயிடம் போகவில்லை. அவளுக்குத் தாய் எட்டாவது மாமி. கிழமையில் இந்த மாமிக்கு நாள் இல்லை. அன்னபாக்கியம் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார், பிள்ளை என் சீலையைப் பிடித்துக்கொண்டு என் பின்னால் நிற்கிறாள். அன்னபாக்கியம் என்னைப் பார்த்த பார்வையில் நன்றி இருந்தது. வேறொன்றும் இருந்தது. நானாக இருந்தாலும் அப்படித்தான் பார்த்திருப்பேன்.

அன்று மாலை பெண்கள் எல்லோரும் மதகடியில் கூடினோம். இனி ஒருவரும் அந்த வீட்டுக்குப் போவதில்லை என்று முடிவெடுத்தோம். உதவி தேவையென்றால் ஆண்கள் போகட்டும். அந்த வேலி ஓரமாகப் போகிற பாதையையும் விட்டோம். வாய்க்காலின் மற்றப் பக்கத்தால், முள்ளுக்குள்ளால் நடந்தோம். யூலிற்றா மீன்கூவலை ஆறாம் காணியோடு நிறுத்திவிட்டு எட்டாம் காணியில் தொடங்கினார். "என்ர வாழ்க்கையில நான் வாயை மூடின இடம் அது ஒண்டுதான்" என்கிறார்.

முதல் வெள்ளிக்கிழமை பிள்ளை படலையில் நின்று கூப்பிட்டாள். எனக்குக் கேட்டது. எங்கள் வாழைக்குள் நின்றேன். போகவில்லை. கையில் இருந்த பனையோலைக் கடகத்தின் விளிம்பைப் பிய்த்துப் பிய்த்து எறிந்தேன். வீட்டுக்காரர் வந்து பக்கத்தில் நின்றார். ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டாவது வெள்ளிக்கிழமையும் கூப்பிட்டாள். கொஞ்ச நேரம்தான்.

நேற்றுக் காலை வாய்க்காலில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். அன்னபாக்கியம் பிள்ளையோடு வந்தார். ஒதுங்க இடம் இல்லை. நான் எழும்பினேன். பிள்ளை என்னைப் பார்த்தாள். ஓடி வரப்போகிறாள் என்று நினைத்துக் கையில் இருந்த சவர்க்காரத்தைக் கல்லில் வைத்தேன்.

அவள் தாயின் சீலைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, தாயின் காலுக்குப் பின்னால் ஒளிந்தாள்.

"வெக்கமாக்கும்" என்றார் அன்னபாக்கியம்.

"ஓம், பழகாத ஆக்களைக் கண்டால் பிள்ளையள் அப்பிடித்தான்" என்றேன்.

இராசமலர்